ஸ்டாண்டு கேன்

எங்கள் வீட்டில் எண்ணெய் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால், எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டுத்தான் பையை எடுக்க வேண்டும். அண்ணன் கேட்பது கடலை எண்ணெயாக இருக்கும். அண்ணி கேட்பது வேனுக்கு ஊற்றும் எஞ்சின் ஆயிலாக இருக்கும். எனக்கோ எண்ணெய்தான் பிழைப்பே. திருமழிசை தொழிற்பேட்டையில் எஞ்சின் ஆயில் கலந்து டின்னில் அடைக்கிற சின்னக் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வேதியியல் படித்ததால் டீச்சர் ஆவேன் என்று வீட்டில் நினைத்தார்கள். எனக்கு இருக்கும் கோபத்துக்கு நான் டீச்சர் ஆகாமல் போனது பிள்ளைகள் செய்த புண்ணியம்.

அண்ணன் முன்பு கம்பெனிகளுக்காகச் சொந்த வேன் ஓட்டினார். நெமிலிச்சேரி ஸ்டேஷன் வாசலில் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, வெளிவட்டச் சாலையில் ஏறி, குத்தம்பாக்கம் வழியாகத் திருமழிசையில் கொண்டுபோய் இறக்குவதுதான் வேலை. முதுகுத்தண்டில் டிஸ்க் விலகியபின் ஸ்டீயரிங் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை ஒரு கம்பெனியில் பேக்கிங் செய்துகொண்டிருந்த அண்ணி, அந்த வேலையை விட்டுவிட்டு ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்சும் பேட்ஜும் வாங்கி அதே வேனில் ஏறி உட்கார்ந்தார். அண்ணன் அடுப்படிக்குப் போனார். இந்த மாற்றத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாடு நன்றாக முன்னேறிவிட்டது. அதை அண்ணியே ஒப்புக்கொள்வார்.

வேன் ஸ்டாண்டுக்குத்தான் மனசு முன்னேறவில்லை. அண்ணன் வருஷக்கணக்காக வண்டி நிறுத்திய இடம், அண்ணன் கூடவே டீ குடித்த ஆட்கள். ஆனால் அண்ணன் இல்லாமல் அண்ணி மட்டும் வந்து நின்றபோது அவருடைய வண்டியை வரிசையின் கடைசிக்கு, குப்பைத் தொட்டிப் பக்கம் தள்ளிவிட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, திட்டவில்லை, பேசவும் இல்லை. திட்டியிருந்தால்கூட அண்ணி பதிலுக்கு இரண்டு கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். அந்த மௌனத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டிக்கடைக்குப் பின்னால் ஒரு கேன் இருக்கும். யார் வண்டிக்கு ஆயில் மாற்றினாலும் டின்னில் மிச்சப்படுவதைக் கொண்டுவந்து அந்தக் கேனில் ஊற்றிவிடுவார்கள். காலையில் முதல் டிரிப்புக்கு முன் எல்லாரும் பானெட்டைத் திறந்து, எண்ணெய் மட்டத்தைக் காட்டும் கேஜ் கம்பியை உருவிப் பார்ப்பார்கள். யாருக்குக் குறைகிறதோ அவருக்குக் கேனிலிருந்து ஊற்றப்படும். ஒரு விதி மட்டும் கண்டிப்பானது. தன் வண்டிக்குத் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது, அடுத்தவர்தான் ஊற்ற வேண்டும். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எத்தனை சண்டை போட்டிருந்தாலும் காலையில் ஒருவர் வண்டிக்கு ஒருவர் எண்ணெய் ஊற்றியாக வேண்டும் என்பதால், அந்த ஸ்டாண்டில் பெரிய பகை எதுவும் வளர்ந்ததில்லை. யாருடைய வண்டியாவது வழியில் படுத்துவிட்டால், அந்த வண்டிப் பெண்களை மற்ற வண்டிகள் பங்கு போட்டு ஏற்றிக்கொண்டுபோய் ஷிப்டு தொடங்குவதற்குள் இறக்கிவிடும். கேனில் பங்கு இருப்பவருக்குத்தான் இந்த உதவி.

அண்ணி சேர்ந்து கொஞ்ச நாள் கேன் அவர் பக்கம் வரவே இல்லை. அப்புறம் ஒருநாள் காலையில், ஸ்டாண்டிலேயே மூத்தவர், எல்லாரும் அண்ணாத்தே என்று கூப்பிடுகிறவர், வரிசையின் கடைசிவரை நடந்து வந்தார். அண்ணி திறந்துவைத்திருந்த பானெட்டுக்குள் கையை விட்டுக் கம்பியை உருவினார், லுங்கி ஓரத்தில் துடைத்தார், மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கம்பி காஞ்சிகினு கீது தங்கச்சி. இப்டியா வண்டி ஓட்டுவாங்க?"

அவ்வளவுதான் கேட்டார். கேனைக் கொண்டுவரச் சொல்லித் தன் கையாலேயே ஊற்றினார். அன்று மாலை அண்ணி வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன விதம் இருக்கிறதே, மகளுக்கு நிச்சயம் முடித்துவிட்டு வந்தவர்கூட அப்படிச் சொல்லமாட்டார். அண்ணன் கேட்டுக்கொண்டே வடை சுட்டுக்கொண்டிருந்தார், ஒரு ஈடு கருகிவிட்டது. அதற்குப் பிறகு எல்லாரும் அண்ணி வண்டிக்கு ஊற்றினார்கள். ஆனால் சில நாள் நானும் அதே வேனில் வேலைக்குப் போவேன் என்பதால் ஒன்றைக் கவனித்தேன். அண்ணியை யாரும் தங்கள் வண்டிக்கு ஊற்றக் கூப்பிடவில்லை. நான் அதைக் குத்திக் காட்டியபோது, அதுவும் வரும் என்று சொல்லிவிட்டுத் தலையை வாரிக்கொண்டிருந்தார் அண்ணி.

இப்போது என் பக்கத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தக் கேனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். மூடி எப்போதோ தொலைந்துபோய், பாலிதீன் பையைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருப்பார்கள். மழைக் காலத்தில் தண்ணீர் இறங்கும், கோடையில் புழுதி இறங்கும். உள்ளே டீசல் வண்டி ஆயில், பெட்ரோல் வண்டி ஆயில், கியர் ஆயில் எல்லாம் உண்டு. மண் வெட்டும் எந்திரம் ஓட்டுகிற ஒருவர் அன்பாகக் கொடுத்துவிட்டுப் போன ஹைட்ராலிக் ஆயிலும் உண்டு. பாதி ஓடிய ஆயிலை இறக்கிவிட்டு, இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையும் ஊற்றுவார்கள். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்துப் பசை இருந்தால் நல்ல எண்ணெய், கறுப்பாக இருந்தால் கெட்ட எண்ணெய். இதுதான் அங்கே நடக்கும் பரிசோதனை.

கறுப்பாவது என்பது எண்ணெய் கெட்டுப்போனதற்கு அடையாளமே இல்லை. டீசல் எரிந்தால் கரித்தூள் வரும். கண்ணுக்கே தெரியாத அந்தத் துகள்கள் எஞ்சினுக்குள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளத் துடிக்கும். ஒட்டினால் கட்டி, கட்டியானால் படிவு, படிவானால் பிஸ்டன் வளையம் இறுகும், எண்ணெய் போகிற துளைகள் அடைபடும். நல்ல எண்ணெயில் இதற்கென்றே ஒரு பொருள் சேர்த்திருப்போம். அது ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, பக்கத்தில் இருப்பதோடு சேரவிடாமல் மிதக்க வைக்கும். இன்னொரு பொருள் சூடான உலோகத்தில் அழுக்கு ஒட்டாமல் கழுவிக்கொண்டே இருக்கும், எரிபொருளில் பிறக்கும் அமிலத்தையும் தின்று தீர்க்கும். ஆகவே கறுத்த எண்ணெய் என்றால் அழுக்கைத் தன் மேல் ஏற்றிக்கொண்ட எண்ணெய். எஞ்சினைச் சுத்தமாக வைத்துவிட்டுத் தான் அழுக்காகிப் போவது. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு எண்ணெய் மேல் இத்தனை வருஷமாக மரியாதை குறையவே இல்லை.

ஃபில்டர் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். அது பெரிய துகளைத்தான் பிடிக்கும். சின்னது அதன் கண் வழியாகப் போய்விடும். அந்தச் சின்னதைச் சின்னதாகவே வைத்திருப்பது எண்ணெயின் வேலை. இரண்டும் ஒத்துப்போனால் எஞ்சின் பல வருஷம் பேசாமல் ஓடும். எண்ணெய் கைவிட்டால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்ட ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குறுக்கு வழி உள்ளேயே உண்டு, எண்ணெய் வடிகட்டப்படாமலே அந்த வழியாக ஓடத் தொடங்கும். அப்புறம் எஞ்சின் அழுக்கையே குடித்துக்கொண்டிருக்கும்.

அண்ணியின் வேன் அந்த நிலைக்கு வந்துவிட்டது என்பது ஒரு சிவப்பு விளக்கில்தான் தெரிந்தது. திருமழிசையில் பெண்களை இறக்கிவிட்டு வண்டி சூடாக நின்று உறுமிக்கொண்டிருக்கும்போது, டேஷ்போர்டில் எண்ணெய் அழுத்தத்துக்கான விளக்கு கண் சிமிட்டியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைந்துவிடும். அண்ணி அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் அன்று அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்ததால் பார்த்துவிட்டேன். எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை என்று அர்த்தம், அன்றே மெக்கானிக்கிடம் கொண்டுபோக வைத்தேன். பட்டாபிராம் மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு இரண்டு வழி சொன்னார். ஒன்று, எஞ்சினைக் கழட்டி மொத்த வேலையும் பார்ப்பது. இல்லையென்றால் கழுவும் திரவத்தை ஊற்றி ஓட்டி இறக்குவது.

முதல் வழியில் வண்டி வாரக்கணக்கில் நிற்கும். நின்றால் அந்த ரூட்டு போய்விடும். கம்பெனிகளுக்கு வண்டி ஏற்பாடு செய்கிற காண்டிராக்டருக்கு ஆரம்பத்திலிருந்தே அண்ணியைப் பிடிக்காது, ஒரு சாக்கு கிடைக்கட்டும் என்று காத்திருந்தார். அந்த ரூட்டு போனால் வேனுக்கு வேறு வருமானம் கிடையாது. அண்ணி பழையபடி பேக்கிங் பெல்ட்டின் முன்னால் நிற்க வேண்டியதுதான். ஓட்டத் தொடங்கிய பின் அண்ணியின் முகத்தில் வந்திருந்த ஒரு தெளிவு எனக்குத் தெரியும், அது போய்விடுமோ என்று பயந்தேன்.

இரண்டாவது வழி அதைவிட ஆபத்து என்று எனக்குத் தோன்றியது. ஓடிய எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் வடிதாளில் விட்டேன். நல்ல எண்ணெயாக இருந்தால் கறுப்பு ஓரம்வரை சமமாகப் பரவும். இதில் நடுவில் மை கொட்டியதுபோல் ஒரு வட்டம் அப்படியே நின்றது, சுற்றிலும் வெறும் மஞ்சள் வளையம். அழுக்கைச் சுமக்கும் சக்தி எண்ணெயிடம் இல்லை, எல்லாம் கட்டியாகிவிட்டது. வருஷக்கணக்காகச் சேர்ந்ததை ஒரே நாளில் கழுவிவிட்டால் எல்லாம் பெயர்ந்து போய் அடியில் எண்ணெய் உறிஞ்சும் குழாய் வாயில் இருக்கும் சல்லடையை அடைத்துவிடும். மெக்கானிக்கிடம் அந்தத் தாளைக் காட்டினேன். பார்த்துவிட்டு, அப்படியானால் எஞ்சினின் அடித்தட்டான சேம்பரை மட்டும் இறக்கிச் சல்லடையைக் கையால் சுத்தம் பண்ணிவிடலாம், மிச்சத்தை உங்கள் எண்ணெய் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். நான் சொல்ல நினைத்ததையே அவர் சொல்லிவிட்டதால் எனக்குச் சண்டை போட ஒன்றும் மிஞ்சவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சேம்பரை இறக்கினார்கள். உள்ளே இருந்ததை எண்ணெய் என்று சொல்ல வாய் வரவில்லை. கேசரிக் கரண்டியால் அள்ளலாம்போலக் கெட்டியாக, கறுப்பாக, ஒரு பக்கம் சாம்பல் நிறமாக. சல்லடையில் பாதிக்கு மேல் மூடியிருந்தது. அண்ணி குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டுப் பார்த்தார். அந்தச் சாம்பல் நிறம் எப்படி வந்தது என்று கேட்டார். தண்ணீரும் ஹைட்ராலிக் ஆயிலும் சேர்ந்தால் எஞ்சின் ஆயிலில் இருக்கும் கழுவும் பொருளோடு முட்டிக்கொண்டு சோப்பு மாதிரித் திரிந்து போகும் என்றேன். எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும். ஸ்டாண்டு கேனிலிருந்து வந்தது, அண்ணன் காலத்திலிருந்தே.

அன்றைக்கே ஸ்டாண்டுக்குப் போய் எல்லார் முன்னாலும் அந்தக் கேனைக் கவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அண்ணி செருப்பு போடவிடவில்லை.

"நீ பாட்டுக்கு வந்து வெசம் கிசம்னு சொல்லிட்டு உன் வேலையப் பாக்கப் பூடுவே. நாளைக்கி அங்க நிக்கப்போறது நான்தானே பாப்பா."

அதில் நியாயம் இருந்தது என்பதால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாயிற்று. கேனை வேண்டாம் என்று சொன்னால் ஸ்டாண்டை வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். வாங்கி ஊற்றினால் எஞ்சின் போய்விடும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று நான் கணக்குப் போட்டேன். அண்ணி இரண்டையும் காப்பாற்றப் பார்த்தார். காலையில் கேன் வந்தால், வண்டி இப்போதுதான் சூடாகி இருக்கிறது, வீட்டில் போய் ஆறவிட்டு ஊற்றிக்கொள்கிறேன் என்று தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். அவர்கள் ஊற்றித் தருவார்கள். அடுத்தவர் கைதான் ஊற்றுகிறது, விதியும் உடையவில்லை. அந்தப் பாட்டில் வீட்டுக்கு வந்து, பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொன்றாகச் சேர்ந்து அங்கே ஒரு வரிசையே வந்துவிட்டது. கொட்டிவிடலாமே என்றால் அண்ணிக்கு மனசு வராது. அவர்கள் கொடுத்தது என்பார்.

வேனுக்கு நான் ஒரே வகை டீசல் ஆயிலை ஊற்ற வைத்தேன், கழுவும் சக்தி நன்றாக உள்ளது. வழக்கமாக மாற்றும் தூரத்துக்கு ரொம்ப முன்னாலேயே அதை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றினோம், ஃபில்டரும் கூடவே புதிது. உள்ளே ஒட்டியிருக்கும் படிவை மெதுவாகக் கரைத்து, கரைந்ததை எண்ணெய் தூக்கிக்கொண்டு வர வேண்டும், அது நிறைவதற்குள் நாம் இறக்கிவிட வேண்டும். அவசரப்பட்டால் காரியம் கெடும். அவசரம் என் குணம், பொறுமை அண்ணி குணம், ஆகவே அவர்தான் இதைச் சரியாகச் செய்தார். ஒருநாள்கூட மாற்றும் நாளைத் தள்ளிப்போடவில்லை.

இறக்கிய ஃபில்டரை நான் வீட்டுப் பின்பக்கத்தில் வெட்டுவேன். ரம்பம் வைத்து அறுத்தால் இரும்புப் பொடி உள்ளே விழுந்து, அது எஞ்சினிலிருந்து வந்ததா ரம்பத்திலிருந்து வந்ததா என்று குழப்பும். அதனால் குழாய் வெட்டுவதுபோலச் சுற்றி வெட்டும் கருவியைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்திருந்தேன். உள்ளே இருக்கும் காகிதம் புடவைக் கொசுவம்போல மடிப்பு மடிப்பாக இருக்கும். அதைக் கத்தரித்து விரித்து, எண்ணெயைப் பிழிந்து, துணிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டுவோம். முதல் காகிதம் முழுக்கக் காப்பிப் பொடி ஒட்டியதுபோலக் கறுப்புக் குருணை. அடுத்ததும் கிட்டத்தட்ட அப்படியே. அண்ணன், தன் வேட்டியெல்லாம் மெக்கானிக் ஷெட்டு வாசம் அடிக்கிறது என்று கத்தினார். அண்ணி அவருடைய வேட்டிகளை வேறு கொடிக்கு மாற்றிவிட்டுக் காகிதங்களை அங்கேயே விட்டார்.

தினமும் டிரிப்புக்குப் போகும் முன் அந்தக் கொடிக்கு எதிரில் நின்று அண்ணி ஒரு நிமிஷம் பார்ப்பார். நான் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்ன எதையும் அவர் கேட்டுக்கொண்டதில்லை. அவருக்கு அந்தக் கொடி போதும். மூன்றாவது காகிதத்தில் குருணை குறைந்தது. அதற்கடுத்ததில் மடிப்பின் அடியில் மட்டும் கறுப்பு. பிறகு ஒரு காகிதம் வந்தது, வெறும் பழுப்பு நிறத்தில், விரலால் தடவினால் ஒன்றும் ஒட்டவில்லை. அன்று திருமழிசையில் வண்டி சூடாக நின்றபோது விளக்கு எரியவில்லை. அண்ணி ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டுப் பார்த்தார், எரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து என் தொடையில் பட்டென்று ஒரு அடி வைத்தார். நன்றாக வலித்தது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த எண்ணெயை வடிதாளில் விட்டுப் பார்த்தேன். கறுப்பு, ஓரம்வரை ஒரே சீராகப் பரவியிருந்தது. ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும், சேம்பரை ஒருமுறை இறக்கியதைத் தவிர எஞ்சினைத் திறக்காமல், சுரண்டாமல், வெறும் எண்ணெயும் காகிதமும் சேர்ந்து வருஷக்கணக்கான அழுக்கைச் சத்தமில்லாமல் வெளியே கொண்டுவந்ததைப் பார்த்து நானே அசந்துவிட்டேன். தினமும் இதே எண்ணெயைக் குடுவையில் அளக்கிறேன், எண்களாக எழுதுகிறேன். அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தது எங்கள் வீட்டுத் துணிக் கொடியில்தான்.

அப்புறம் அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து நிற்க முடியாத காய்ச்சல். அதுவரை அண்ணியின் வேனை வேறு ஒருவர் ஓட்டிப் பெண்களை ஏற்றிப்போவதாக ஸ்டாண்டில் ஏற்பாடாயிற்று. சாவி வாங்கிப்போகக் காலையில் அண்ணாத்தேயே நேரில் வந்தார். அண்ணன் இட்லிப் பானையை இறக்கிக்கொண்டிருந்ததால், சாவி பின்பக்கம் ஆணியில் தொங்குகிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அண்ணனுக்கு உறைக்கவே இல்லை. நான் அடுப்படியிலிருந்து ஓடுவதற்குள் அண்ணாத்தே பின்பக்கம் போய்விட்டார்.

துவைக்கிற கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பாட்டில்கள் அசையாமல் கிடந்ததில் உள்ளே எண்ணெய் தெளிந்துபோய், அடியில் சாம்பல் நிறச் சேறு ஒரு விரல் அளவுக்கு உட்கார்ந்திருந்தது. ஒன்றை எடுத்துச் சாய்த்தார். எண்ணெய் நகர்ந்தது, சேறு நகரவில்லை. பிறகு கொடியில் தொங்கிய காகிதங்களை முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக, பேச வேண்டாம் என்று எனக்கே தோன்றியது.

"இது நம்ம கேனு எண்ணெதானே?"

கேட்டது என்னை இல்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு அண்ணி கதவைப் பிடித்தபடி வந்து நின்றிருந்தார்.

"நீங்க ஊத்துனதாலதான் அண்ணாத்தே நான் அங்க நின்னுகினு கீறேன்," என்றார் அண்ணி. "அத்தப் போயி வாணாம்னு நான் எப்டி சொல்வேன்?"

அண்ணாத்தே பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தார். பக்கத்தில் கிடந்த காலி ஆயில் டின்னைக் காலால் திருப்பி அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணன் காப்பியோடு வந்தபோது குடிக்க ஆள் இல்லை.

காய்ச்சல் விட்டது, ஆனால் அண்ணி எழுந்திருக்கவில்லை. ஊரை ஏமாற்றியவள் என்று பேசிக்கொண்டிருப்பார்கள் என்றார். குப்பைத் தொட்டிப் பக்கம் மறுபடி போய் நிற்க என்னால் முடியாது என்றார். நான் அவரைத் தேற்றத் தெரியாமல் அண்ணனைத் திட்டினேன். கொடியிலிருந்த காகிதங்களை அண்ணன் சத்தமில்லாமல் அவிழ்த்து மடித்து வைத்தார். மறுநாள், வேனை எப்படியும் எடுத்துத்தானே ஆக வேண்டும் என்று அண்ணி கிளம்பியபோது நானும் கூடப் போனேன். ஸ்டாண்டில் கிடந்த வேனில் ஏறி, முதல் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். யாராவது ஏதாவது சொன்னால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக.

பெட்டிக்கடைக்குப் பின்னால் கேன் இல்லை. அண்ணிதான் முதலில் பார்த்தார். எத்தனையோ வருஷ வழக்கம், என்னால் போய்விட்டது என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். முகம் செத்துப்போய்விட்டது. வண்டிகள் வரிசையாக நின்றன, டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பழைய மௌனம்தான் என்று நான் நினைத்தேன். இறங்கிச் சண்டை போடுவதற்காகத் துப்பட்டாவை இடுப்பில் கட்டிவிட்டேன்.

அண்ணாத்தே அவருடைய வண்டிக்குப் பின்னாலிருந்து வந்தார். கையில் அதே கேன்தான், ஆனால் அடையாளம் தெரியவில்லை. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, இறுக்கமான புது மூடி போட்டிருந்தது. அதை அண்ணியின் காலடியில் வைத்தார். உன் வண்டிக்கு ஊற்றுகிற அதே எண்ணெய்தான் இதில் இருக்கிறது, இனிமேல் ஸ்டாண்டு முழுக்க இதுதான், எல்லாரும் சேர்ந்து வாங்கியது, வேறு எதையும் யாரும் இதில் ஊற்றக் கூடாது என்று மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு தன் வண்டியின் பானெட்டைத் தூக்கினார். பழைய எண்ணெயை அன்று காலையிலேயே முழுவதுமாக இறக்கிவிட்டிருந்தார், புது ஃபில்டர் மாட்டியிருந்தார். கம்பியை உருவி அண்ணியிடம் காட்டினார். அதில் ஈரமே இல்லை.

"உள்ள ஒண்ணுமே இல்ல. ஊத்தாம வண்டி கெளம்பாது," என்றார். "ஊத்து தங்கச்சி."

அண்ணி கேனைத் தூக்கினார். இத்தனை நாளில் அந்த ஸ்டாண்டில் அடுத்தவர் வண்டிக்கு அவர் ஊற்றுவது அதுதான் முதல் தடவை. ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை. நான் வேனுக்குள் உட்கார்ந்து, கட்டிய துப்பட்டாவை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் ஊற்றி முடிப்பதற்குள், பக்கத்து வண்டியின் பானெட் திறக்கிற சத்தம் கேட்டது.